பாத்துட்டு வந்துடறேன்

என் கணவரின் அண்ணன் மனைவியை நான் முதலில் பார்த்தபோது அவள் யாரென்று எனக்குத் தெரியாது. அப்போது பாப்பிரெட்டிப்பட்டி பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்தெல்லாம் வியர்வையாக, கையில் மஞ்சள் பையோடு ஒருத்தி வந்து நின்றாள். ரேஷன் கார்டை நீட்டி இரண்டு காப்பி கேட்டாள். மெஷினில் தாள் மாட்டிக்கொண்டது. நான் கதவைத் திறந்து, உருளையைக் கையால் திருப்பி, கசங்கிய தாளைக் கிழியாமல் உருவி எடுத்தேன். அவள் மேஜைமேல் எக்கி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். தினமும் இப்படி மாட்டுமா என்று கேட்டாள். மழைக்காலத்தில் மாட்டும் என்றேன். எந்த ஊர், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், எந்த பஸ்ஸில் வீட்டுக்குப் போவேன் என்று இன்னும் நாலைந்து கேள்வி. ஜெராக்ஸ் எடுக்க வந்தவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று தோன்றியது. ஆனாலும் சொன்னேன். அவள் கேட்கிற விதம் அப்படி.

மூன்று வாரம் கழித்து நல்லம்பள்ளிப் பக்கமிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். வேனிலிருந்து முதலில் இறங்கியவள் அவள்தான். என்னைப் பார்த்து, தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. கல்யாணமாகி ஒரு மாதம் போன பிறகு ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்.

"மெசின்ல பேப்பர் மாட்டிகிச்சே, நீ அதைத் தட்டல, ஒதைக்கல, திட்டல. பொறுமையா எடுத்த. அதைப் பாத்துட்டு வந்துதான் வூட்டுல சரின்னு சொன்னேன். போட்டோவுல எல்லாப் பொண்ணும் நல்லாத்தான் இருக்குதுங்க."

அக்கா அப்படித்தான். யார் எதைச் சொன்னாலும் போய்த் தன் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். சந்தேகம் பிடித்தவள் என்று சொல்ல மாட்டேன். சந்தேகப்படுகிறவர்கள் முகம் சுருங்கியிருக்கும். அக்காவுக்குப் பார்ப்பது ஒரு சந்தோஷம். பக்கத்துக் காட்டில் பசு இரட்டைக் கன்று போட்டிருக்கிறது என்று யாராவது சொன்னால், அடுப்பைத் தணித்துவிட்டு, "பாத்துட்டு வந்துடறேன்" என்று செருப்பை மாட்டிக்கொள்வாள். டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துவிட்டதாம், "பாத்துட்டு வந்துடறேன்." ஏரிக்கரையில் ரோடு போடுகிறார்களாம், "பாத்துட்டு வந்துடறேன்." என் கணவர் அவள் குரலிலேயே இதைச் சொல்லிக் கேலி செய்வார். அவளும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே போய்ப் பார்த்துவிட்டும் வருவாள்.

வீட்டுக்குப் பின்னால் நிழல்வலை கட்டி அவள் நாற்றுப் பண்ணை வைத்திருந்தாள். நிலம் அவள் அப்பா அவள் பேருக்கு வாங்கிக் கொடுத்தது. தக்காளி, மிளகாய், கத்தரி, காலிஃப்ளவர், பண்டிகை நெருங்கினால் செண்டுமல்லி. கருப்புக் குழித்தட்டுகளில் தேங்காய் நார்த்தூளை நிரப்பி, குழிக்கு ஒரு விதை. இருபத்தைந்து நாளில் தக்காளி நாற்று வண்டி ஏறிவிடும். வேலைக்கு இரண்டு பெண்கள். தண்ணீர் தெளிக்க மோட்டார் இருந்தது, ஆனால் எப்போது போடுவது என்பதை மோட்டாரிடமோ அந்தப் பெண்களிடமோ அவள் விட்டதில்லை. தட்டுக்குத் தட்டு ஆள்காட்டி விரலைக் குழிக்குள் விட்டுப் பார்ப்பாள். அவளுடைய அந்த ஒரு நகம் மட்டும் எப்போதும் பழுப்பாக இருக்கும். கோயிலுக்குப் போகும்போதுகூட அந்தக் கறை போகாது.

ஒருமுறை ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளிப் பக்கமிருந்து ஒரு விவசாயி போனில் சத்தம் போட்டார். பாதி கன்னடம், பாதி தமிழ். அவர் வாங்கிப்போன மிளகாய் நாற்றெல்லாம் சுருண்டுவிட்டதாம். அக்காவின் கணவர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். சண்டை என்றாலே ஆகாது. வேறு தட்டு கொடுத்து அனுப்பிவிடலாம் என்றார். அக்கா மறுநாள் விடிந்ததும் பஸ் ஏறிவிட்டாள். கிருஷ்ணகிரியில் ஒன்று, ஓசூரில் ஒன்று, அதற்கப்புறம் ஒரு ஷேர் ஆட்டோ. பொழுது சாய்கிற நேரத்துக்கு ஈரத்துணியில் சுற்றிய ஒரு மிளகாய்ச் செடியோடு வந்தாள்.

"அந்தாளு மேல தப்பு இல்ல. நம்ம மேலயும் இல்ல. போர்த்தண்ணி உப்பு. வாயில ஊத்திப் பாத்தேன்," என்றாள்.

தனக்குத் தெரிந்த கன்னடத்தில் "நீரு உப்பு, நீரு உப்பு" என்று அவரிடம் பத்து தடவை சொல்லி, அவரையும் குடிக்க வைத்திருக்கிறாள். அந்த ஆள் அதற்கப்புறம் தன் மச்சினன், பங்காளி எல்லாரையும் எங்கள் பண்ணைக்கு அனுப்பினார்.

அவளுக்குக் கல்யாணமாகி எட்டு வருடம் குழந்தை இல்லை. இரண்டு முறை கரு தங்கி, மூன்றாம் மாதத்திலேயே கலைந்துவிட்டது. இரண்டும் அவள் தட்டு தூக்கிக்கொண்டிருந்த நாட்களில் நடந்ததாக எங்கள் மாமியார் கணக்கு வைத்திருந்தார். அத்தை கெட்டவரில்லை. அந்த இரண்டு முறையும் அக்காவை மடியில் போட்டுக்கொண்டு அழுதவர் அவர்தான். பயம் அவரை அப்படி ஆக்கியிருந்தது. கடைசியாகச் சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஊசியும் மாத்திரையுமாக ஒன்றரை வருடம் அலைந்து, ஒரு பங்குனியில் கரு தங்கியது.

முதல் ஸ்கேனில் திரையைத் தன் பக்கம் திருப்பச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். அன்றைக்கு வீட்டு வாசலில் இறங்கியதும் என்னைக் கூப்பிட்டு, முஷ்டியை மூடி மூடித் திறந்து காட்டினாள். "இப்படி அடிச்சிக்குது. இத்துணூண்டு. நானே பாத்தேன்."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னது, பளு தூக்க வேண்டாம், கவனமாக இருங்கள் என்றுதான். மாமாதான் திரும்பத் திரும்ப, "முழு ரெஸ்ட்டுங்களா மேடம்?" என்று கேட்டிருக்கிறார். வெளியே அத்தனை பேர் காத்திருக்க, முடிந்தால் முழு ரெஸ்ட் நல்லதுதான் என்று அந்த அம்மா சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கிறார். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

கிழக்கு அறையில் கட்டில் போடப்பட்டது. கால்பக்கம் கட்டிலுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தினார்கள். காற்று ஆகாது, கண்ணும் ஆகாது என்று ஜன்னலைச் சாத்தினார்கள். போன் வயிற்றில் இருப்பதற்குக் கெடுதல் என்று எங்கேயோ படித்து, மாமா அதை வாங்கித் தன் பீரோவில் வைத்தார். டிவியில் அழுகிற காட்சி வரும், வேண்டாம். அக்கம்பக்கத்தார் வந்தால் தூங்குகிறாள் என்று வாசலோடு அனுப்பிவிடுவார் அத்தை. அங்கன்வாடி போய்க்கொண்டிருந்த என் மகள்கூட அந்த அறைக்குள் போகக் கூடாது, மேலே விழுந்துவிடுவாள். குளியல் என்றால் ஈரத்துணியால் துடைப்பது. மற்றதற்கெல்லாம் படுக்கையிலேயே பெட்பேன். அதெல்லாம் என் வேலை.

அக்கா மறுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். "ஒம்பது மாசம்தான? படுத்துக்கறேன். இதுக்கோசரம் எத்தன வருசம் அலைஞ்சாச்சு," என்றாள். முதல் நாள் படுக்கும்போது சிரித்துக்கொண்டேதான் படுத்தாள்.

முதல் இரண்டு மாதம் எனக்கும் அவளுக்கும் நன்றாகவே போனது. தினமும் காலையில் நான் பண்ணைக்குள் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து அவளிடம் சொல்ல வேண்டும். எந்தத் தட்டில் முளை விட்டிருக்கிறது, எதில் இலை வெளுத்திருக்கிறது. நான் சொல்லி முடித்ததும் ஒரு கேள்வி கேட்பாள், அது எனக்குத் தெரியாது. "இலைக்கு அடியில பாத்தியா? போய்ப் பாத்துட்டு வா." போவேன். வருவேன். மறுபடி ஒன்று கேட்பாள். ஒரு நாளைக்குப் பத்து தடவை அறைக்கும் பண்ணைக்கும் நடந்திருப்பேன். சலிப்பாக இருந்ததில்லை. இலைக்கு அடியில் பார்க்கவும், குழிக்குள் விரல் விடவும், வேரின் நிறத்தைச் சொல்லவும் நான் பழகிவிட்டேன். ஒருநாள் நான் ஒரு தட்டைப் பற்றி விவரமாகச் சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அப்புறம் சொன்னாள்.

"நீ சொன்னா நான் பாத்த மாதிரியே இருக்குது பாப்பா."

அவளிடம் அப்படி ஒரு பேர் வாங்கியவர்கள் வேறு யாரும் இல்லை. எனக்கு அன்றெல்லாம் கால் தரையில் படவில்லை.

ஆனி மாதம் பண்ணையில் நாற்று அழுக ஆரம்பித்தது. மாமா ஆபீஸ் போகும் அவசரத்தில் காலையிலேயே மோட்டாரைப் போட்டுவிட்டுப் போவார், அந்தப் பெண்கள் தங்கள் கணக்குக்கு மதியமும் தெளிப்பார்கள். நான் முதலில் பார்த்தபோது ஒரு மூலையில் பத்துப் பன்னிரண்டு நாற்று தண்டு மெலிந்து சாய்ந்து கிடந்தது. அக்காவிடம் சொல்லத்தான் வேகமாக வந்தேன். அறை வாசலில் மாமா வழியை மறித்தார். பக்கத்தில் அத்தை.

சொல்லாதே என்றார் மாமா. அவள் கேட்டால் எழுந்து ஓடி வந்துவிடுவாள் என்றார். நாற்று போனால் போகட்டும், அதை அடுத்த வருடம் போட்டுக்கொள்ளலாம், உள்ளே இருக்கிற உயிரை அப்படிப் போட முடியுமா என்று கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாங்க சொன்னா நம்பமாட்டா கண்ணு. உன்னயத்தான் நம்பறா. நீ சொல்லு."

உள்ளே போனேன். "எல்லாம் நல்லா இருக்குதுங்கக்கா," என்றேன். இலைக்கு அடியில் பார்த்தாயா என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன். வேர்? வெள்ளை வெளேரென்று இருக்கிறது என்றேன். அவள் எனக்குக் கற்றுக்கொடுத்த கண்ணை வைத்துத்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன். அதனால்தான் அது அவ்வளவு பொருத்தமாக இருந்தது.

பத்து நாளில் பண்ணை முழுதும் போய்விட்டது. வேலைக்கு வந்த பெண்களை நிறுத்திவிட்டார்கள். ஆடிக் காற்றில் நிழல்வலை ஒரு பக்கம் கிழிந்து படபடவென்று அடித்துக்கொண்டது. நான் தினமும் காலையில் அறைக்குள் போய், இல்லாத நாற்றுகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். செண்டுமல்லி போட்டிருக்கிறோம் என்றேன். நாலு இலை விட்டிருக்கிறது என்றேன்.

அவளுக்குக் காது இருந்தது. மோட்டார் சத்தம் கேட்கவில்லையே என்றாள். சொட்டுநீர் போட்டிருக்கிறது, அதற்குச் சத்தம் வராது என்றேன். அந்தப் பெண்கள் பேச்சுக் குரலே இல்லையே என்றாள். அக்காவைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று அத்தை அவர்களை மெல்லப் பேசச் சொல்லியிருக்கிறார் என்றேன். என்னமோ படபடக்கிறதே? பக்கத்து வீட்டில் தார்ப்பாய் காயப் போட்டிருக்கிறார்கள் என்றேன். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது.

ஒருநாள் ஒரு தட்டை எடுத்துவந்து காட்டச் சொன்னாள். அன்று மதியம் என் கணவர் பாலக்கோடு ரோட்டில் வேறொருவர் பண்ணையிலிருந்து ஒரு தட்டு செண்டுமல்லி வாங்கிவந்தார். அதைக் கொண்டுபோய் அவள் மார்புக்கு நேரே பிடித்தேன். கண்டுபிடித்துவிடுவாள் என்று நினைத்தேன். அந்தத் தட்டின் விளிம்பு வேறு மாதிரி. நார்த்தூள் கரகரப்பாக இருக்கும், எங்களுடையது மாவு மாதிரி இருக்கும். ஒரு வருடத்துக்கு முன்னால் என்றால் பத்தடி தூரத்தில் வைத்தே சொல்லியிருப்பாள்.

அவள் விரலைக் குழிக்குள் விட்டாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் புன்னகை செய்து, "நம்மளுதுதான். நல்லா வந்திருக்குது," என்றாள்.

தப்பித்தோம் என்று வெளியே வந்து அத்தையிடம் சொன்னேன். அத்தை விளக்கேற்றிக் கும்பிட்டார். நானும் கூட நின்று கும்பிட்டேன். உட்கார்ந்து அழ வேண்டிய நாள் அது. எங்களுக்குத் தெரியவில்லை.

அதிலிருந்துதான் அவள் மாறினாள். மோட்டார் சத்தம் கேட்கவில்லை என்று சொல்வதை விட்டாள். "எனக்குத்தான் காது சரியில்ல போலருக்குது," என்றாள். நான் சொல்வதும் அவள் காது சொல்வதும் ஒத்துப்போகவில்லை. இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும். அவள் என் பக்கம் நின்றாள். காதோடு அது நிற்கவில்லை. சோற்றை வாயில் வாங்கிக்கொண்டு, உப்பு போட்டிருக்கிறதா என்று என்னைக் கேட்பாள். போட்டிருக்கிறது என்றால்தான் மெல்லுவாள். ஜன்னல் இடுக்கில் வெயில் கோடாக விழுந்துகொண்டிருக்கும், இது பகலா என்று கேட்பாள். சுவரைத் தொட்டுக்கொண்டே, "பாப்பா, இது செவுருதான?" என்றாள் ஒருநாள். விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். சுவர்தான் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள்.

ஐந்தாம் மாத ஸ்கேனுக்குக் காரில் பின்சீட்டில் படுக்க வைத்து அழைத்துப்போனோம். அங்கே திரை அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. காட்டச் சொல்லி அவள் கேட்கவில்லை. எனக்குத்தான் கேட்க வேண்டும் போலிருந்தது, நானும் கேட்கவில்லை. எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். வரும் வழியில் என் காதருகே மெல்லக் கேட்டாள், "வயித்துல இருக்குதுன்னு சொல்றாங்களே, இருக்குதா?" உள்ளே உதைப்பது அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனால் அதையும் அவள் நம்புவதை விட்டிருந்தாள். புரட்டாசியில் பேச்சு குறைந்தது. ஐப்பசியில் நான் சீவிவிடும்போது தலைமுடியைத் தொட்டு, இது யாருடையது என்றாள். அத்தை பூசாரியைக் கூட்டிவந்து மந்திரித்தார். மாமா கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிடுவார். அவளைத் தூக்கி உட்காரவைத்து, ஜன்னலைத் திறந்து, உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். எனக்குத் தோன்றியது. இன்னும் இரண்டு மாதம்தானே என்று இருந்துவிட்டேன்.

கார்த்திகைக் கடைசியில் தருமபுரியில் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண். நல்ல எடை, நல்ல குரல். துடைத்துத் துணியில் சுற்றி அக்கா பக்கத்தில் வைத்தார்கள். எட்டு வருடம் காத்திருந்தவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"இது என்னுதா? நீ சொல்லு."

உங்களுதுதாங்க அக்கா என்றேன். "சரி," என்றாள். குழந்தையின் பக்கம் மறுபடி அவள் முகம் திரும்பவில்லை.

நாலு நாள் கழித்து ஒரு இளம் டாக்டரம்மா அவளை எழுந்து நடக்கச் சொன்னார். அவளால் நிற்க முடியவில்லை. கெண்டைக்கால் சதை குச்சியாகப் போயிருந்தது. டாக்டரம்மா அவளிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். பிறகு எங்களை வெளியே அழைத்து, இவ்வளவு நாள் இப்படிப் படுக்க வைக்கச் சொன்னது யார் என்று கேட்டார். மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

மனநல வார்டு, மாத்திரை, மறுபடி வார்டு. ஒரு வருடத்தில் நடக்கவும், தானாகக் குளிக்கவும், சமைக்கவும் தேறினாள். ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்தால் கிழக்கு அறையைப் பார்த்ததும் உடம்பு உதறியது. அதனால் கம்பைநல்லூர்ப் பக்கத்தில் அவள் அம்மா வீட்டிலேயே இருக்கிறாள். மாமா சனிக்கிழமை தவறாமல் போய்வருகிறார். குழந்தை என்னிடம் வளர்கிறாள். இப்போது யுகேஜி. என்னை அம்மா என்றும் அவளைப் பெரியம்மா என்றும் கூப்பிடுகிறாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, என் மகளைப் பார்த்துத் தானாக வந்தது. நாங்கள் திருத்தினோம், நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தையை அழைத்துக்கொண்டு போவேன். அக்கா அமைதியாக இருப்பாள். நல்ல புடவை கட்டியிருப்பாள். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. எதைச் சொன்னாலும் "சரி" என்பாள், அவ்வளவுதான். சாப்பிட்டாயிற்று என்று அவள் அம்மா சொன்னால், சாப்பிடாமலேயே கை கழுவுவாள். தெருவில் போகிற யாரோ மழை வருகிறது என்று விளையாட்டுக்குச் சொன்னார்களாம். உச்சி வெயிலில் ஈரத்துணிகளை எல்லாம் அள்ளி உள்ளே போட்டுவிட்டாள். தலையைத் தூக்கி வானத்தைப் பார்க்கவில்லை. அதைச் சொல்லும்போது அவள் அம்மா சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

எனக்கு அவள் இல்லாமல் இருப்பது வீட்டின் சின்னச் சின்ன இடங்களில்தான் உறைக்கும். மோட்டார் மெக்கானிக் வந்து காயில் போய்விட்டது என்பான், நாங்கள் சரி என்று தலையாட்டுவோம். அக்கா என்றால் எக்கி எக்கிப் பார்த்து அவனைக் கழற்றிக் காட்ட வைத்திருப்பாள். ஊரில் ஏதாவது பேச்சு வந்தால், யாராவது செருப்பை மாட்டும் சத்தம் கேட்கிறதா என்று எனக்குக் காது போகும். அவள் மறுபடி பண்ணை நடத்த வேண்டும், பழைய மாதிரி ஓட வேண்டும் என்றெல்லாம் நான் ஆசைப்படவில்லை. நான் சொல்கிற ஒன்றை, ஒரே ஒன்றை, இல்லை என்று அவள் சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது.

இந்த மாசியில் பண்ணை இருந்த நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். ரோட்டோரம் என்பதால் குடோன் கட்டப் போகிறாராம், முப்பது வருடத்துக்கு ஒப்பந்தம். நிலம் அக்கா பேரில் இருக்கிறது. மாமா பத்திரத்தை என்னிடம் கொடுத்து, நீயே காட்டிக் கையெழுத்து வாங்கிவா, எனக்கு அவளிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை குழந்தையோடு போனேன். மதியச் சாப்பாடு முடிந்து, குழந்தை அக்காவின் அம்மாவோடு பக்கத்து வீட்டுக் கோழிக்குஞ்சு பார்க்கப் போயிருந்தாள். பத்திரத்தை எடுத்து வைத்தேன்.

"நெலத்துக்கு ஒரு கையெழுத்து வேணுங்கக்கா."

"சரி. எங்க போடணும்?"

பேனாவை வாங்கித் தாளில் வைத்துவிட்டாள். என்ன பத்திரம், யாருக்கு, எதற்கு, ஒன்றும் கேட்கவில்லை. தாளில் எழுதியிருந்ததன் மேல் அவள் கண் போகவேயில்லை. நான் எந்த இடத்தைக் காட்டுவேன் என்று என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. தாளைப் பிடுங்கிக்கொண்டேன். அவள் திடுக்கிட்டுப் பார்த்தாள். என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"அக்கா, நீங்க படுத்திருந்தப்ப மோட்டார் ஓடல."

நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனேன்.

"ஆனியிலேயே நாத்தெல்லாம் அழுகிப்போச்சு. வேலைக்கு வந்தவங்கள நிறுத்திட்டோம். சொட்டுநீரெல்லாம் ஒண்ணும் போடல. படபடன்னு அடிச்சது நம்ம வலைதான், தார்ப்பாய் இல்ல. நான் காட்டுன தட்டு பாலக்கோட்டு ரோட்டுல வாங்குனது. நீங்க கேட்டதெல்லாம் சரிங்கக்கா. உங்க காது நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் பொய் சொன்னேன்."

அவள் பேனா மூடியைத் தேடி எடுத்து, பேனாவை மூடினாள். பிறகு மறுபடி திறந்தாள். மறுபடி மூடினாள். அவளுக்கு மறுபடி ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தேன். அவள் அம்மாவைக் கூப்பிடலாமா என்று எழுந்தேன்.

"உக்காரு," என்றாள்.

உட்கார்ந்தேன்.

"மோட்டார் ஓடல."

"ஓடலங்கக்கா."

"எத்தன நாளு?"

"நீங்க ஆஸ்பத்திரிக்குப் போற வரைக்கும்."

அவள் விரல்விட்டு மாதங்களை எண்ணினாள். ஆனி, ஆடி, ஆவணி என்று உதடு அசைந்தது. கார்த்திகையில் வந்து நின்றது. அவள் முகத்தில் ரத்தம் ஏறுவதைப் பார்த்தேன். ஐந்து வருடத்தில் அந்த முகத்தில் நான் அதைப் பார்த்ததில்லை.

"அந்த எடம் இப்ப எப்படி இருக்குது?" என்று கேட்டாள்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தேன். வேலிக்கருவை முளைத்துவிட்டது என்றேன். கம்பிகள் நிற்கின்றன, வலை போய்விட்டது என்றேன். கிணற்று மேட்டுப் பக்கம் மட்டும் மண் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லும்போது அவள் கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள். குரல் சத்தமாகத்தான் வந்தது.

"நீ சொல்றத நான் எப்படி நம்பறது?"

"நம்ப வேணாங்கக்கா," என்றேன். "என்னய நம்பவே வேணாங்க."